பால்டிக் கடலுக்கு எழுதிய எர்கொம் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு ஒத்துவருமா?

கடனீரேரித் தண்ணீரில் நைத்திரேற்று எங்கே போகிறது, பொசுபேற்று எங்கே தங்குகிறது, தாவரப் பிளாந்தன் எந்த மாதத்தில் ஏன் பெருகுகிறது என்பதைக் கணக்காகப் பார்க்க ஒரு மாதிரியுரு வேண்டும். காசில்லாமல் கிடைப்பவற்றுள் முதலில் எடுத்துப் பழக வேண்டியது ஜி.ஓ.ரி.எம். என்ற நீர்நிரல் மாதிரி. அதோடு பூட்டி ஓடுவது எவ்.ஏ.பி.எம். என்ற இணைப்புச் சட்டகம். சட்டகத்துக்குள் வருவது எர்கொம் என்ற உயிரிரசாயன மாதிரி. இந்த மூன்றும் சேர்ந்த தொகுதியைத்தான் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலே சொல்லிவிடலாம்: தொகுதி நல்லது, தைரியமாக எடுக்கலாம். ஆனால் அதோடு வரும் எண்களை அப்படியே வைத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது.

முதலில் எது எது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஜி.ஓ.ரி.எம். ஒரே ஒரு இடத்தில், மேற்பரப்பிலிருந்து அடித்தளம் வரை நிற்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டு, காற்று, வெயில், மழை, ஆவியாதல் ஆகியவற்றால் அது எப்படிக் கலங்குகிறது, எப்படிப் படையாகிறது என்று கணிக்கும். ஹான்ஸ் பூர்கார்ட், கார்ஸ்டன் போல்டிங், மனுவேல் ருயிஸ் வியாறியல் ஆகியோர் 1999இல் இதன் முதல் விளக்க அறிக்கையை வெளியிட்டார்கள். உயிரியல் எதுவும் இதற்குத் தெரியாது. எவ்.ஏ.பி.எம். நடுவில் நின்று பௌதிகத்தையும் உயிரியலையும் கைகோக்க வைக்கிறது. யோர்ன் புறூகமனும் போல்டிங்கும் 2014இல் இதை ஒரு கட்டுரையாக விளக்கினார்கள். இதன் அருமை என்னவென்றால், உயிரியல் மாதிரியை மாற்றப் பௌதிகப் பக்கத்தில் கை வைக்கவே தேவையில்லை. ஒரு எழுத்துக்கோப்பில் பெயரை மாற்றினால் போதும். எர்கொம் ஜேர்மனியின் வாணெமுண்டேயில் உள்ள பால்டிக் கடல் ஆய்வு நிறுவனத்தில் தோமஸ் நொய்மன் 2000இல் வெளியிட்ட மாதிரி. அதற்குள் தயற்றங்கள், சவுக்குமுளை அல்காக்கள், சயனோபற்றீரியா என மூன்று தாவரப் பிளாந்தன் கூட்டங்கள் உண்டு. விலங்குப் பிளாந்தன் ஒரே தொகுதியாக வரும். உக்கல் துணிக்கைகள், அமோனியம், நைத்திரேற்று, பொசுபேற்று, ஒட்சிசன், அடித்தள அடையல் ஆகியவையும் உண்டு. பொசுபரசும் நைதரசனும் 1:16 என்ற, கடற் பிளாந்தனின் சராசரியாக எடுக்கப்படும் றெட்ஃபீல்ட் விகிதத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. ஐதரசன் சல்பைட்டு எதிர்க்குறி ஒட்சிசனாகக் கணக்கில் எழுதப்படும். ஆகவே வெளியீட்டில் ஒட்சிசன் சுழியத்துக்குக் கீழே போனால் பிழை என்று பதறத் தேவையில்லை. அது அழுகல் மணம் வரும் தண்ணீர்.

நிறுவுவதில் சிக்கல் அதிகம் இல்லை, கவனம் மட்டும் வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸில் ஃபோர்ட்ரான் தொகுப்பி, நிரலைக் கட்டியெழுப்பும் சி-மேக், மூலநிரலை இறக்கும் கிட், தரவுக் கோப்புகளைக் கையாளும் நெற்-சி.டி.எவ். நூலகத்தின் ஃபோர்ட்ரான் பகுதி ஆகிய நான்கும் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதியைப் போட்டுக்கொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. இரண்டு இடங்களில் ஆட்கள் வழக்கமாகத் தடக்குப்படுகிறார்கள். மூலநிரலைக் கிட் வழியாக இறக்கும்போது உள்களஞ்சியங்களையும் சேர்த்து இறக்கச் சொல்லாவிட்டால் எவ்.ஏ.பி.எம். இருக்க வேண்டிய அடைவு வெறுமையாக இருக்கும், சி-மேக் அங்கேயே நின்றுவிடும். அடுத்தது, நெற்-சி.டி.எவ். நூலகம் ஒரு தொகுப்பிப் பதிப்பாலும் ஜி.ஓ.ரி.எம். வேறொரு பதிப்பாலும் தொகுக்கப்பட்டால் கூறுக்கோப்பு படிக்க முடியவில்லை என்ற பிழை வரும். இரண்டையும் ஒரே பொதிமேலாளரிலிருந்து எடுத்தால் இது வராது. அமைப்புக் கோப்புகள் யமல் என்ற எழுத்துக்கோப்பு வடிவில் இருப்பதால் உள்தள்ளலுக்கு இடைவெளிப் பொத்தானையே பாவிக்க வேண்டும். ராப் பொத்தானை அழுத்தினால் கோப்பு படிக்கப்படாது. சாதாரண மடிக்கணினி போதும். ஒரு வருட ஓட்டத்துக்குத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது.

தொகுதியின் சிறப்புகளில் நாங்கள் மிகவும் மதிப்பது இதை: ஒரு கூறுக்குத் தேவையான உள்ளீடு எங்கிருந்தும் கிடைக்கவில்லை என்றால் எவ்.ஏ.பி.எம். ஓடவே மறுக்கும், எது இல்லை என்று பெயர் சொல்லிப் பட்டியல் தரும். அமைதியாக ஒரு சுழியத்தை வைத்துக்கொண்டு ஓடி, அழகான வரைபடம் தந்து ஏமாற்றும் மென்பொருள்கள் பல உண்டு. இது அப்படிச் செய்யாது.

முதலில் சின்ன மாதிரி

எர்கொம்மை முதலில் தொடவேண்டாம். அதே பொதிக்குள் நான்கு மாறிகள் மட்டும் கொண்ட ஒரு மாதிரி உண்டு: போசணை, தாவரப் பிளாந்தன், விலங்குப் பிளாந்தன், உக்கல். எல்லாம் நைதரசனில், கன மீற்றருக்கு மில்லிமோல் என்ற அலகில். அதன் மாதிரிக் கோப்பில் தாவரப் பிளாந்தனின் உச்ச வளர்ச்சி வீதம் நாளுக்கு 1.0, மேய்ச்சலின் உச்சம் நாளுக்கு 0.5, உக்கல் அமிழும் வேகம் நாளுக்கு 5 மீற்றர், உக்கல் மீண்டும் போசணையாகும் வீதம் நாளுக்கு 0.003 என்று இருக்கும். தொடக்கத்தில் போசணை 4.5, உக்கல் 4.5, இரண்டு பிளாந்தனும் சுழியம். சுழியத்திலிருந்து எப்படி வளரும் என்று கேட்கலாம். 0.0225 என்ற ஒரு பின்னணிச் செறிவு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாறி காட்டுவது அதற்கு மேலுள்ள அளவை. அந்தப் பின்னணியைச் சுழியமாக்கினால் ஒரு முறை அற்றுப்போன பிளாந்தன் பிறகு திரும்பி வராது.

இந்தக் கோப்பை எடுத்துக் குருநகர்ப் பக்கத்து நீர்நிரல் என்று ஓட்டிப் பார்க்கிறவர்கள் பொதுவாகப் பார்ப்பது இதுதான்: முதல் சில வாரம் பச்சை பெருகும், பிறகு போசணை எல்லாம் உக்கலாகி நீரின் அடியிலுள்ள படையில் குவியும், மிச்ச வருடம் முழுக்கத் தண்ணீர் வெறுமையாகக் கிடக்கும். காரணம் அந்த 0.003. அதன் பொருள், உக்கலில் உள்ள நைதரசன் திரும்பிவர ஏறத்தாழ 333 நாள். இந்தச் சின்ன மாதிரிக்கு வெப்பநிலை தெரியாது. எண் குளிர்ந்த கடலுக்கு உரியது. பத்துப் பாகைக்கு வீதம் இரட்டிக்கும் என்ற வழக்கமான கணக்கை எடுத்தால், 10 பாகைத் தண்ணீருக்குரிய வீதம் 30 பாகையில் நான்கு மடங்காகும், அதாவது 0.012. அதையும் தொடக்கப் புள்ளியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆழங்குறைந்த வெப்ப வலயக் களப்புக்கு 0.03 முதல் 0.1 வரை ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

இந்தச் சின்ன மாதிரிக்கு அடையல் என்று தனிப் பெட்டி கிடையாது. உக்கல் கடைசிப் படையில் நின்றுவிடும். வெளியீட்டில் அடியிலுள்ள படையில் மட்டும் உக்கல் மலைபோல் தெரிவது அதனால்தான்.

ஓட்டி முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை நான்கு மாறிகளையும் ஆழம் முழுக்கக் கூட்டிப் பார்ப்பது. எவ்.ஏ.பி.எம். மொத்த நைதரசனைத் தானே கணித்துத் தரும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்காத ஓட்டத்தில் அந்தக் கோடு நேராகக் கிடக்க வேண்டும். சரிந்தால் உடனே எண்முறையை, அதாவது காலத்தைப் படிபடியாக நகர்த்திக் கணிக்கும் முறையைப் பாருங்கள். முன்னோக்கிய ஒயிலர் முறை வேகமானது, ஆனால் காலப்படி பெரிதாயிருந்தால் செறிவுகள் எதிர்க்குறிக்குப் போகும். அதைத் தடுக்க நிலைதிருத்தும் வசதியைப் போட்டால் எதிர்க்குறி சுழியமாக வெட்டப்படும். வெட்டும் ஒவ்வொரு தடவையும் இல்லாத நைதரசன் புதிதாக உருவாகும். பதங்கார் முறை நேர்க்குறியைக் காக்கும், மொத்தத்தைக் காக்காது. திருத்திய பதங்கார் முறை இரண்டையும் காக்கும். பூர்கார்டும் கூட்டாளிகளும் 2003இல் தந்த முறை அது. காலப்படியைக் குறைக்க மனமில்லை என்றால் பௌதிகத்தின் ஒரு படிக்குள் உயிரியலைப் பல துணைப்படிகளாகப் பிரிக்கும் எண்ணைக் கூட்டலாம். நிலைதிருத்தும் வசதியை மட்டும் பழகும் காலத்தில் அணைத்தே வைத்திருக்க வேண்டும். பிழை இருந்தால் ஓட்டம் நிற்கட்டும், அதுதான் நல்லது.

எர்கொம்முக்கு ஏன் போக வேண்டும்

யாழ்ப்பாணத்துக்குச் சின்ன மாதிரி போதாது. காரணம் எங்கள் நிலத்தடி நீர். வலிகாமத்துச் சுண்ணக்கற் படுக்கையில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். அந்தக் கல் பொந்தும் வெடிப்புமானது. மழைக்குப் பின் நன்னீர் கரையோரங்களில் கசிந்து கடலுக்குள் போகிறது. கீரிமலைக் கேணியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிக் கசியும் நீரில் நைத்திரேற்று நிறைய, பொசுபேற்று சொற்பம்; சுண்ணக்கல் பொசுபேற்றைத் தன்மேல் ஒட்டிவைத்துக்கொள்ளும். நைதரசனை மட்டுமே எண்ணும் ஒரு மாதிரிக்கு இந்த நீரைக் கொடுத்தால் பிளாந்தன் எல்லையில்லாமல் வளரும் என்று சொல்லும். பொசுபரசையும் எண்ணும் மாதிரி வேறு விடை சொல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1 சென்ரிமீற்றர் நிலத்தடி நீர் கசிகிறது, அதில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசன் இருக்கிறது என்று எடுங்கள். அது கன மீற்றருக்கு 714 மில்லிமோல். சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 7.1 மில்லிமோல். 2 மீற்றர் ஆழத்தில் கலந்தால் கன மீற்றருக்கு நாளுக்கு 3.6 மில்லிமோல் ஏற்றம். சின்ன மாதிரிக் கோப்பில் ஆரம்பத்தில் இருந்த போசணை முழுவதுமே 4.5தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இதைப் பிளாந்தன் பயன்படுத்த வேண்டுமானால் சதுர மீற்றருக்கு நாளுக்கு 0.45 மில்லிமோல் பொசுபேற்று வேண்டும். அது எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் இந்தக் கடனீரேரி மாதிரியின் உயிர்க் கேள்வி. எவ்.ஏ.பி.எம். இல் வெளியிலிருந்து அடித்தளம் வழியாக ஒரு பாய்வைக் கொடுக்க ஆயத்தமான கூறு உண்டு. புதிதாக நிரல் எழுதத் தேவையில்லை.

இங்கே அலகில் வழுக்கி விழுபவர்கள் அதிகம். கிணற்று நீர் அறிக்கைகளில் சில நைத்திரேற்றாகவும் சில நைத்திரேற்று நைதரசனாகவும் எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மில்லிகிராம் எல்லை நைத்திரேற்றாக எழுதப்பட்டது. அது கன மீற்றருக்கு 806 மில்லிமோல். பொசுபரசு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் என்றால் 3.2 மில்லிமோல். ஒட்சிசன் 1 மில்லிகிராம் 31.25 மில்லிமோல். பச்சையத்தை ஒப்பிட வேண்டுமானால், காபனுக்கும் பச்சையத்துக்கும் நிறைவிகிதம் 50 என்று எடுத்தால் 1 மில்லிமோல் நைதரசன் ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் பச்சையம். அந்த 50 வெளிச்சத்தோடும் இனத்தோடும் நன்றாக மாறும் எண். ஆகவே அளந்த பச்சையத்தோடு மாதிரி இரண்டு மடங்குக்குள் நின்றால் அதற்கு மேல் பரமானங்களை, அதாவது மாதிரிக்குள் நாம் வைக்கும் எண்களைத் திருகவேண்டாம்.

பால்டிக் எண்கள் எங்கே உதைக்கும்

பால்டிக் கடலில் மேலே உவர் குறைந்த நீர், 60 முதல் 80 மீற்றரளவில் உவர்த்தன்மை சடுதியாக ஏறும் ஒரு உவர்ப் படிக்கட்டு, அதற்குக் கீழே ஒட்சிசன் இல்லாத ஆழம். டென்மார்க்கின் ஒடுங்கிய நீரிணைகள் வழியாக எப்போதாவதுதான் புதுக் கடல்நீர் உள்ளே போகும். எர்கொம்மின் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கடலைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது. யாழ்ப்பாணக் கடனீரேரி சுமார் 400 சதுர கிலோமீற்றர். ஆனால் பெரும்பகுதியில் ஆள் இறங்கி நடக்கலாம்.

ஆழ வேறுபாடு எல்லாவற்றையும் புரட்டிவிடுகிறது. உக்கல் நாளுக்கு 4.5 மீற்றர் அமிழ்கிறது என்று வைத்தால் பால்டிக்கின் 55 மீற்றரைக் கடக்க 12 நாள் வேண்டும். அந்த 12 நாளில் ஒரு பங்கு தண்ணீரிலேயே கரைந்து மீண்டும் போசணையாகிவிடும். 2 மீற்றர் களப்பில் அது அரை நாள்கூட இல்லாமல் அடையலைத் தொட்டுவிடும். ஆகவே பால்டிக்கில் இரண்டாந்தரமாக நிற்கும் அடையல் பரமானங்கள் இங்கே முதலிடத்துக்கு வருகின்றன: அடையல் மீண்டும் போசணையாகும் கனிப்பொருளாக்க வீதம், நைதரசன் வாயுவாக வெளியேறும் நைதரசனிறக்கத்தில் போகும் பங்கு, புதைந்து போகும் பங்கு. எந்த எண்ணை மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் உணர்திறன் சோதனையை இந்த மூன்றிலிருந்தே தொடங்குங்கள். தயற்றத்தின் வளர்ச்சி வீதத்தைத் திருகி வாரக்கணக்கில் நேரத்தைக் கொட்டுவது பலனில்லாத வேலை.

வெப்பநிலைச் சார்புகளும் அப்படித்தான். சயனோபற்றீரியா பால்டிக்கில் கோடையில் மட்டும் விழிக்க வேண்டும் என்பதற்காக ஒரு வெப்பநிலை வாசல் வைத்திருக்கிறார்கள். எங்கள் தண்ணீர் வருடம் முழுக்க அந்த வாசலுக்கு மேலேயே இருக்கும். வாசலை அப்படியே விட்டால், பொசுபேற்று இருந்து நைத்திரேற்று குறையும் எந்த மாதத்திலும் சயனோபற்றீரியா நைதரசனைப் பதித்து மாதிரியை நிரப்பும். பால்டிக்கில் பெருகும் நொடுலாரியா என்ற சயனோபற்றீரியா உவர் குறைந்த நீருக்குரியது. வைகாசி முதல் ஆவணி வரை ஆவியாதலால் உவர்த்தன்மை ஏறும் ஆனையிறவுப் பக்கத்தில் அதே வீதத்தில் வளரும் என்று எண்ண நியாயம் இல்லை. முதல் ஓட்டங்களில் சயனோபற்றீரியாவின் உச்ச வீதத்தைச் சுழியமாக்கிவிட்டு, நுணுக்குக்காட்டியில் அது இருப்பதைக் கண்ட பிறகு திறந்துவிடுவதே ஒழுங்கு.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. வளிமண்டலத்திலிருந்து விழும் நைத்திரேற்று, அமோனியம், பொசுபேற்று ஆகியவற்றுக்குப் பால்டிக் நாடுகளின் எண்கள் பரமானக் கோப்பிலேயே இருக்கின்றன. ஐரோப்பியத் தொழிற்சாலைப் புகையை வேலணைத் தண்ணீருக்குள் ஊற்றாமல் அந்த மூன்றையும் முதலில் சுழியமாக்குங்கள். தயற்றத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது என்பதற்காகச் சிலிக்கேற்றுத் தேடவும் வேண்டாம். இந்த எர்கொம்மில் சிலிக்கேற்று இல்லை.

மொத்தக் கணக்குச் சோதனை இங்கே சற்று வேறு. நைதரசன் வாயுவாக வெளியேறும், பதித்தலால் உள்ளே வரும். ஆகவே அந்தக் கோடு நேராக இராது. பொசுபரசின் கோடுதான் சாட்சி. மேற்பரப்புப் பாய்வையும் புதைத்தலையும் அணைத்தால் அது அசையக்கூடாது.

உள்ளீடுகள்

வானிலைக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.-5 மீள்பகுப்பாய்வு மணித்தியாலத்துக்கு ஒரு தரவு தருகிறது, இலவசம். ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். குடாநாட்டில் அதற்குள் தரையும் கடலும் தீவும் ஒன்றாய்க் கிடக்கும். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) திறந்த நீர்ப்பரப்பில் அடிக்கும் வேகத்தை அது குறைத்தே காட்டக்கூடும். உள்ளூர் அளவீடு சில மாதத்துக்கு இருந்தாலும் ஒப்பிட்டு ஒரு பெருக்கு எண் வையுங்கள். வளியமுக்கம் பஸ்கலிலா எக்டோபஸ்கலிலா என்று பாருங்கள். எக்டோபஸ்கலானால் அமைப்புக் கோப்பில் 100ஆல் பெருக்கச் சொல்லும் இடம் உண்டு. ஈரப்பதன் நிரலுக்குச் சார்பு ஈரப்பதனா பனிபடுநிலையா என்ற தெரிவும் உண்டு. தவறினால் ஆவியாதல் கெடும். ஆவியாதல் கெட்டால் உவர்த்தன்மை கெடும்.

நேரம் பெரிய விடயம். சூரிய ஒளியை ஜி.ஓ.ரி.எம். தானே கணிக்கும்போது கோப்பின் நேரம் உலகப் பொதுநேரம் என்று எடுத்துக்கொள்ளும். 80 பாகை கிழக்கில் உச்சிவெயில் பொதுநேரம் காலை 6.40க்கு, இலங்கை நேரம் 12.10. வளிவெப்பநிலைக் கோப்பை இலங்கை நேரத்தில் கொடுத்தால் வெயிலும் வெக்கையும் ஐந்தரை மணித்தியாலம் விலகி நிற்கும். வருடச் சராசரியில் இது தெரியாது. இரவு ஒட்சிசன் எப்போது அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்று பார்க்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். கடலட்டைப் பண்ணைக்காரருக்குத் தேவைப்படும் விடையோ அந்த விடியற்கால ஒட்சிசன்தான்.

வெளிச்சத்துக்கு உள்ளே தரப்பட்டிருக்கும், தெளிவை வைத்துப் பிரித்த யேர்லொவ் நீர்வகைகள் திறந்த சமுத்திரத்துக்குரியவை. எதுவும் இங்கே பொருந்தாது. நீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை அது கண்ணுக்கு மறையும் வரை இறக்கி ஆழத்தை அளவெடுத்து, 1.7ஐ அந்த ஆழத்தால் வகுத்தால் ஒளித் தேய்வுக் குணகம் கிடைக்கும். தட்டு 0.8 மீற்றரில் மறைந்தால் குணகம் 2.1. ஜி.ஓ.ரி.எம். கேட்பது அதன் தலைகீழ், அதாவது 0.47 மீற்றர். குணகத்தையே அங்கே எழுதினால் தண்ணீர் நாலைந்து மடங்கு தெளிவாகிவிடும்; பிளாந்தனும் அடிவரை பச்சையாகும்.

கடலோடு நீர் மாறுவதை ஒற்றை நீர்நிரல் மாதிரியில் நேரே சொல்ல முடியாது. பண்ணைப் பாலத்தடியிலும் சங்குப்பிட்டியிலும் நீர் ஓடுவதை அது அறியாது. மாற்று வழி, உவர்த்தன்மையையும் போசணையையும் அளந்த கடல் மதிப்பை நோக்கி மெல்ல இழுத்துவிடுவது. இழுக்கும் காலத்தை நொடியில் கொடுக்க வேண்டும்; 30 நாள் தங்குகாலம் என்றால் 2,592,000. இப்படி இழுக்கும்போது போசணை கணக்குக்கு வெளியே போய் வருகிறது என்பதை மறக்காமல் அந்தப் பாய்வைத் தனியாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் நைதரசனிறக்கம் என்று நீங்கள் அறிக்கையில் எழுதுவது உண்மையில் இழுவையாக இருக்கும். மழையும் ஆவியாதலும் கரைபொருளை ஐதாக்குவதையும் செறிவாக்குவதையும் சேர்க்கும் வசதி தனியாக உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழைக்கு அது திறந்திருக்க வேண்டும்.

தொகுதியால் முடியாதவை

சோளகத்தில் தண்ணீர் கலங்கிப் பால்போல் ஆவதைக் குடாநாட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆழங்குறைந்த இடத்தில் அடையலைக் கிளப்புவது பெரும்பாலும் காற்றலைதான். இந்தத் தொகுதியோ அடித்தளத் தகைப்பை, அதாவது நீர் அடித்தளத்தை உரசும் விசையை, நீரோட்டத்திலிருந்தே கணிக்கிறது. அலை அதற்குள் இல்லை. அதோடு, ஒரு நிரலில் காற்றுக்கு எதிராக நீர்மட்டச் சரிவு எழும்பாததால், நீண்ட நேரம் காற்றடித்தால் அடித்தளத் தகைப்பு மேற்பரப்புத் தகைப்புக்குச் சமமாக வந்து நிற்கும். உண்மையான களப்பில் மறுகரையில் நீர் ஏறி அந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும். அலை இல்லாததால் தகைப்பு குறைவாகவும், நீர்மட்டச் சரிவு இல்லாததால் கூடுதலாகவும் வருகிறது. இரண்டும் சேர்ந்து தற்செயலாகச் சரியான கலங்கலைக் காட்டினாலும் நம்பவேண்டாம். அடையல் கிளம்பும் வாசலைச் சதுர மீற்றருக்கு 0.07 நியூட்டன் என்று வைத்தால், நீடித்த காற்று நொடிக்கு 6.7 மீற்றரைத் தாண்டும்போதெல்லாம் மாதிரியில் அடையல் கிளம்பும். அந்த எண்ணைச் சுற்றியே முழுப் பருவமும் ஆடும் என்பதால் காற்றுத் தரவின் சின்னப் பிழையும் போசணை வரைபடத்தில் பெரிதாகத் தெரியும்.

ஆளளவு தண்ணீர் காற்றில் முழுக்கக் கலங்கிவிடும் மாதங்களில் பல படைகளாகப் பிரித்துக் கணிப்பதால் கிடைக்கும் இலாபம் குறைவு. எவ்.ஏ.பி.எம். உடன் ஆழமே இல்லாத ஒற்றைப் பெட்டி ஓட்டியும் வருகிறது. அதே உயிரியல் கோப்பை அதில் போட்டு ஓட்டலாம். நூற்றுக்கணக்கான ஓட்டங்களாக உணர்திறன் சோதனை செய்ய அதுவே வசதி. நிரல் மாதிரி தன் வேலையைக் காட்டுவது காற்றோய்ந்த சித்திரையிலும், பெருமழைக்குப் பின் நன்னீர் மேலே படையாக நிற்கும் நாட்களிலும். அந்த நாட்களுக்கு 10 முதல் 20 படையும் சில நிமிடக் காலப்படியும் கொடுங்கள்.

மாற்று என்று கேட்பவர்களுக்கு இரண்டு சொல்லலாம். மீன், இறால், நண்டு, பிடிபடும் அளவு என்பவைதான் கேள்வி என்றால் எக்கோபாத் என்ற இலவசத் தொகுதி பொருத்தம். அது உணவுவலையில் உயிர்த்திணிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று சமப்படுத்தும். போசணையின் நாளாந்த ஏற்ற இறக்கம் அதன் வேலை அல்ல. பாலங்கள், தாம்போதிகள், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் நீரோட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்பது கேள்வி என்றால் டெல்ஃப்ற் போன்ற முப்பரிமாண மாதிரிக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு ஆழவரைபடமும் நீர்மட்டத் தரவும் வேண்டும். கையில் அவை இல்லாமல் முப்பரிமாணத்தில் இறங்குவதைவிட நிரல் மாதிரியில் போசணைக் கணக்கைச் சரிப்படுத்துவது மேல்.

தன்னியக்கமாகப் பரமானம் தேடும் பார்சாக் என்ற துணைக்கருவியும் இதே குழுவினரிடமிருந்து கிடைக்கிறது. அளவீடு குறைவாயிருக்கும்போது அதை அவிழ்த்துவிட்டால் எந்தத் தரவுக்கும் பொருந்தும் ஒரு எண்தொகுதியைக் கண்டுபிடித்துவிடும். குறைந்தது ஒரு வருடம், இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் நைத்திரேற்று, அமோனியம், பொசுபேற்று, பச்சையம், ஒட்சிசன், உவர்த்தன்மை, செக்கி ஆழம் ஆகியன கையில் இருந்தால்தான் அதைத் தொடலாம். தேடவிடும் பரமானங்களும் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிவது சாதாளை, அதாவது கடற்புல், இல்லாதது. கடனீரேரியின் அடியில் வெளிச்சம் படும் இடங்களில் போசணையை உறிஞ்சுவதிலும் ஒட்சிசன் விடுவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எர்கொம்மில் அது இல்லை. ஜி.ஓ.ரி.எம். இல் கடற்புல் என்று ஒரு கூறு இருக்கிறது, ஆனால் அது புல் தண்ணீர் ஓட்டத்தைத் தடுப்பதை மட்டும் கணிக்கும், வளராது, உண்ணாது. எவ்.ஏ.பி.எம். இன் அமைப்பு இடம் கொடுப்பதால் இதை எங்கள் பக்கத்திலேயே எழுதிச் சேர்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலும் கணினியும் படிப்பவர்கள் சேர்ந்தால் இறுதியாண்டு ஆய்வுக்கு அளவான வேலை. அடித்தள மாறிகள் இரண்டு போதும்: இலைத் திணிவு, வேர்த் திணிவு. வளர்ச்சி அடித்தளத்தை எட்டும் ஒளியைப் பொறுத்தது. கடற்புல்லுக்கு மேற்பரப்பு ஒளியில் சராசரியாகப் பத்திலொரு பங்கு வேண்டும் என்பது பொது மதிப்பு. செக்கி ஆழம் 0.8 மீற்றர் உள்ள நீரில் 1.5 மீற்றர் ஆழத்துக்கு 4 வீதம்தான் போகும், செக்கி 1.5 மீற்றரானால் 18 வீதம். ஆகவே சோளகக் கலங்கல் எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதே புல் நிற்குமா சாகுமா என்பதைத் தீர்மானிக்கும். அமோனியமும் பொசுபேற்றும் இலையாலும் வேராலும் எடுக்கப்பட வேண்டும், ஒட்சிசன் எர்கொம்மின் ஒட்சிசன் மாறியோடு பூட்டப்பட வேண்டும், உதிரும் இலை அடையல் பெட்டிக்குள் விழ வேண்டும். கூறை எழுதி முடித்ததும் முதல் சோதனை அதே பொசுபரசுக் கோடுதான்: புல் வளர்ந்து செத்து உக்கிய பிறகும் மொத்தம் அசையாமல் நிற்க வேண்டும்.